வார்டோவில் ஒரு பல்லின் நிறம்

பனி தள்ளும் வண்டியின் கலப்பை
உறைந்த சாக்கடை மூடியில் முட்டிய அதிகாலை
ஸ்டியரிங் என் முன்பல்லைப் பாதியாக்கியது.
கடைவாயில் ஏற்கெனவே ஒன்று
வேர் சிகிச்சை முடிந்து
வெறும் ஓடாக நின்றுகொண்டிருந்தது.
இரண்டுக்கும் சேர்த்தே வாயைத் திறந்தேன்.

வைவா லிதுவேனியாக்காரி.
இந்தத் தீவில் அவளை விட்டால்
அடுத்த பல் டாக்டருக்குக்
கடலடிச் சுரங்கம் தாண்டி ஒன்றரை மணி நேரம்,
அதுவும் நானே பனியை வெட்டி வழி போட்டால்.

"க்ரோன வைக்கணும், ஹால்டிஸ்" என்றாள்.
எங்கள் பேச்சில் க்ரோன என்றால் கிரீடம்.
க்ரோன என்றால் காசு.
பல்லுக்குப் போடும் மூடிக்கும் அதே பெயர்.
ஒன்றுக்கு எட்டாயிரம்.
ராஜாவுக்கே ஒன்றுதான்,
எனக்கு இரண்டு.

மேசையில் மாதிரிகளைப் பரப்பினாள்.
உள்ளே உலோகம், வெளியே பீங்கான்:
உழைக்கும், ஆனால் ஈறு இறங்கிய வருடம்
ஓரத்தில் சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும்.
சிர்க்கோனியா:
காய்ந்த காட் மீனைக் கடித்தாலும் அசையாது.
கண்ணாடிப் பீங்கான்:
வெளிச்சத்தை உள்ளே விட்டுத் திருப்பித் தரும்,
நிஜப் பல்லைப் போல.
தங்கம்:
மெல்லிசாகப் போதும்,
உன் பல்லை அதிகம் ராவ வேண்டாம்.

கடைவாய்க்குத் தங்கம் என்றேன் உடனே.
"யாரும் பார்க்கப் போவதில்லையே?"
அதனால்தான்.

முன்பல்லுக்குக் கண்ணாடி.
அதில்தான் சிக்கல்.
நிறம் பார்க்க வெயில் வேண்டும்.
விளக்கை நம்பமாட்டாள் வைவா:
"மஞ்சளை வெள்ளை என்று சாதிக்கும்.
டியூப்லைட் இன்னும் மோசம்,
உயிரோடிருப்பவளைப் பிணமாக்கும்."
சூரியனோ நவம்பரில் போனது.
ஜனவரி மூன்றாம் வாரம் வரை
பகல் என்பது இங்கே
ஒரு நீலக் கறை.

ஆக, பிளாஸ்டிக் பல் ஒன்றை ஒட்டிக்கொண்டு
காத்திருந்தேன்.
கிறிஸ்துமஸ் படங்கள் அத்தனையிலும்
வாய் மூடியே இருக்கிறேன்.
"கோபமா?" என்று கேட்டான் மைத்துனன் ஓட்வார்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்களே,
அதற்கும் வழியில்லை.
கடித்தால் கழன்றுவிடும்.

சூரியன் திரும்பும் நாளில்
எங்கள் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள்.
முழு வட்டமும் தெரிய வேண்டும்.
விளிம்பு, கால், அரை எதுவும் கணக்கில்லை.
மேகம் வந்தால் மறுநாள்.
மூன்று மறுநாட்கள் போயின.

நான்காம் நாள் வெடித்தது.
பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட,
வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு
நானும் ஓடினேன்.
வைவா படியிலேயே நின்றிருந்தாள்,
கையில் விசிறி போல் விரிந்த பற்கள்.

"உதட்டுச் சாயத்தைத் துடை.
நாக்கால் ஈரமாக்கு.
காய்ந்த பல் பொய் வெள்ளை காட்டும்."
நான் ஆசைப்பட்டது முதல் மாதிரியை,
குளியலறைத் தொட்டி வெள்ளை.
அதைப் பக்கத்தில் பிடித்ததும் அவளே சிரித்துவிட்டாள்.
ஐந்து விநாடி என் பல்,
பிறகு நீல அட்டை,
மறுபடி என் பல்.
நீண்ட நேரம் பார்த்தால் கண் சமாதானமாகிவிடுமாம்,
எதையும் சரி என்றுவிடுமாம்.

கடைசியில் நின்றது ஏ-மூன்று.
கழுத்தில் கொஞ்சம் பழுப்பு,
நுனியில் சாம்பல் தோய்ந்த தெளிவு.
முப்பது வருடக் காபியின் நிறம்
என்று நான் சொன்னேன்.
அவள் எழுதிக்கொண்டது வேறு:
"பக்கத்துப் பல்லில் ஒரு மயிரிழைக் கீறல்.
இதற்கும் போடச் சொல்லவா?"

எட்டாயிரம் கொடுத்து
விரிசல் வாங்குவதா?

யோசிப்பதற்குள் வெயில்
மீன் தொழிற்சாலைக் கூரைக்குப் பின்னால் போயிற்று.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்,
என் வண்டியை எடுக்கச் சொல்லி.
போடு என்றேன்,
வாய் நிறைய.